வேதக்காரர் ஊர்கள் – 17: விட்ட இடத்தில் நின்ற சாமி

ராஜபாளையத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறி, வன்னியம்பட்டி விலக்கு என்று சொல்லி டிக்கெட் வாங்கினால், பெரிய ரோட்டிலிருந்து ஊர்ப் பாதை பிரிகிற இடத்தில் இறக்கிவிடுவார்கள். மேற்கே மலை. தெற்கத்திச் சீமையில் இப்படிப் பாதை பிரியும் இடமெல்லாம் ‘விலக்கு’தான். வட மாவட்டங்களுக்குப் போனால் அதே மாதிரி இடத்தைக் ‘கூட்டு ரோடு’ என்கிறார்கள். நமக்கு அது பிரிகிற இடம், அவர்களுக்கு அது சேருகிற இடம். பாதை என்னவோ ஒன்றுதான். பார்க்கிறவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதில் பெயர் மாறிவிடுகிறது.

இந்த வாரக் கதைக்கு அந்த வித்தியாசம் தேவைப்படும். கடந்த வாரம், 1802, 1803 ஆகிய இரண்டு ஆண்டுகளில் திருநெல்வேலிச் சீமையின் பனங்காட்டு ஊர்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஞானஸ்நானம் பெற்றதைப் பார்த்தோம். ஊர் ஊராகச் சுற்றிவந்து மிஷனரி கெரிக்கே ஐயர் தொடங்கிவைத்ததைச் சத்தியநாதன் ஐயர் தொடர்ந்தார். அந்தக் கணக்கை எல்லாப் புத்தகங்களும் எழுதியிருக்கின்றன. இன்னொரு கணக்கும் உண்டு. 1816-இல் பாளையங்கோட்டைப் பட்டாளத்துக்குப் பாதிரியாராக வந்த ஜேம்ஸ் ஹஃப், இந்தச் சபைகளை விசாரித்துப் பார்த்தபோது மிஞ்சியிருந்தவர்கள் சுமார் மூவாயிரம் பேர். பதின்மூன்று ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகளையும் சேர்த்து அவ்வளவுதான். செத்தவர்கள் போக மீதிப் பேர் எங்கே போனார்கள்?

வந்த இடத்துக்கே போனார்கள். மாடன் பீடத்துக்கும் இசக்கியம்மன் வேப்பமரத்தடிக்கும்.

மிஷன் ஏடுகளில் இவர்களுக்கு ‘பின்வாங்கிப்போனவர்கள்’ என்று பெயர். குடும்பத்தார் வாயில் அதே ஆள் ‘திரும்பி வந்துட்டான்’. ஒரு பக்கம் விலக்கு, மறு பக்கம் கூட்டு.

சில சொற்கள்

அந்தக் காலத்தில் கிறிஸ்தவராவதை மதம் மாறுவது என்று யாரும் சொல்லவில்லை. ‘வேதத்தில் சேர்ந்தான்’ என்றார்கள். சேர்ந்தவன் வேதக்காரன். சேராதவன் சபையார் பேச்சில் அஞ்ஞானி, அதாவது அறிவில்லாதவன். ஐரோப்பாவில் இதே இடத்தில் நிற்கும் ‘பேகன்’ என்ற சொல்லின் வேர் வேறு மாதிரி. லத்தீனில் ‘பாகானுஸ்’ என்றால் நாட்டுப்புறத்தான், பட்டிக்காட்டான். ரோமாபுரியின் நகரங்கள் கிறிஸ்துவுக்கு மாறிய பிறகும் வயலோரத்துத் தெய்வங்களை விடாதவர்களுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நம் கதைக்கு லத்தீன் வசவுதான் நெருக்கம். இங்கேயும் சங்கதி அறிவைப் பற்றியதல்ல. நிலத்தைப் பற்றியது.

மிஷன்காரர்கள் பேய்க்கோயில் என்று எழுதியது எப்படி இருக்கும்? கோபுரம், மண்டபம் எதுவும் கிடையாது. விளையின் ஓரத்தில் மண்ணைக் குழைத்து இடுப்புயரம் எழுப்பிய ஒரு பீடம், மேலே போகப்போகக் கூம்பியிருக்கும். சுண்ணாம்பு அடித்து, செம்மண் பட்டை இழுத்திருப்பார்கள். அதுதான் சுடலைமாடன். பக்கத்தில் அதே மாதிரி சின்னதாக இன்னும் இரண்டு மூன்று. தலைக்கு மேலே பனையோலைக் கூரை இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் வானம். மழைக்காலத்தில் பாதி கரையும். கொடைக்கு, அதாவது சாமியின் திருவிழாவுக்கு, முன்னால் மறுபடி மண் அப்பிப் பூசுவார்கள். அந்த மண் வேறெங்கிருந்தும் வருவதல்ல, அந்த விளையின் மண்தான்.

ஊர் மொத்தமாக வேதத்தில் சேரும்போது முதல் வேலை இந்தப் பீடத்தை இடிப்பது. பல ஊர்களில் அதே இடத்தில் கூரை வேய்ந்து ஜெபக்கூடம் ஆக்கினார்கள். மண் பீடத்தை மண்வெட்டியால் சரிக்க அரை நாழிகை போதும். அவர் அங்கேயிருந்து போய்விட்டார் என்று மனசுக்குச் சொல்ல அது போதவில்லை.

காய்ச்சல் வந்த வருஷம்

1811. காலம் தப்பிய மழை. தொடர்ந்து மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிச் சீமைகளில் விஷக் காய்ச்சல் வீடு வீடாகப் புகுந்தது. ஆள் கொள்ளை போனது. சபைகளுக்கு அது கேட்பாரற்ற காலமாகவும் இருந்தது. மிஷனரிகளில் யெனிக்கே ஐயர் 1800-இலும் கெரிக்கே 1803-இலும் காலமாகியிருந்தார்கள். 1799-இல் முதலூரை உண்டாக்கிய உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் 1806-இல் இளம் வயதிலேயே போய்ச் சேர்ந்தார். தஞ்சாவூரிலிருந்து வரவேண்டிய மிஷனரிகள் வரவில்லை. ஊர்களில் எஞ்சியிருந்தவர்கள் சொற்பச் சம்பளத்து உபதேசியார்கள் மட்டும்.

ஒரு வீட்டை நினைத்துப் பார்க்கிறேன். இது எந்த ஏட்டிலும் இல்லை, நான் கட்டிப் பார்க்கிற காட்சி. எட்டு வயதுப் பிள்ளை ஆறு நாளாக அனலாய்க் கிடக்கிறது. உபதேசியார் காலையில் வந்து தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டுப் போகிறார். அவருக்கே அன்று இன்னும் நாலு வீடு பாக்கி, ஒரு அடக்கம் வேறு. சாயங்காலம் திண்ணைக்கு மாமன்காரர் வந்து உட்காருகிறார். அவர் வேதத்தில் சேராதவர். வெற்றிலையைத் துப்பிவிட்டு மெதுவாகச் சொல்கிறார்: “மருமவனே, அவரு எடத்துல நீரு கூரையப் போட்டு உக்காந்திருக்கீரு. பிள்ளை தலையிலல்லா வந்து விடியுது. ஒரு சேவல நேந்துவிடும்.” அடுக்களை வாசலில் நிற்கிற பிள்ளையின் தாய் வாய் திறக்கவில்லை. ஆனால் விடிவதற்குள் சேவலின் காலில் மஞ்சள் துணி கட்டியாகிவிட்டது.

இதை மூடத்தனம் என்று தள்ளிவிடுவது சுலபம். அந்தக் காலத்து ஐரோப்பிய வைத்தியர்களே இத்தகைய காய்ச்சலுக்குக் கெட்ட காற்றைத்தான் காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதற்கு ரொனால்டு ராஸ் சிகந்தராபாத்தில் ஆதாரம் கண்டது 1897-இல். 1811-இல் திண்ணையில் உட்கார்ந்திருந்த மாமனாவது ஒரு பெயரும், அது கோபித்த காரணமும், கோபம் தீர்க்கும் வழியும் சொன்னார். மற்ற யாரிடமும் அந்த மூன்றும் ஒருசேர இல்லை.

அப்படித் திரும்பியவர்கள் பைபிளைப் படித்து மறுத்துவிட்டுப் போனவர்களும் அல்ல. திரித்துவம் சரியா, தவறா என்று யாரும் வாதாடவில்லை. இயேசு பெரிய சாமி என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் வந்ததாகவும் தெரியவில்லை. அவர் பரலோகத்துக்கு, ஆத்துமாவுக்கு, மோட்சத்துக்கு. காய்ச்சல், மாட்டு நோய், பனையிலிருந்து தவறி விழுவது, பிள்ளைத்தாச்சி சாவு ஆகியவை வேறொருவர் அதிகாரம். கலெக்டரிடம் கொடுக்கிற மனு வேறு, கிராம முன்சீபிடம் சொல்கிற குறை வேறு என்பது போல.

கேட்டால் பதில் சொல்கிற சாமி

1841-இல் இடையன்குடிக்கு வந்து, பிற்காலத்தில் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தால் பெயர்பெற்ற கால்டுவெல், 1849-இல் திருநெல்வேலி நாடார்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அந்தச் சமூகத்தை அவர் சித்திரித்த விதம் பின்னாளில் கடும் எதிர்ப்புக்கு ஆளானது; எதிர்த்தவர்கள் பக்கம் நியாயமும் இருந்தது. ஆனாலும் ஒரு கொடை இரவை அருகிலிருந்து கவனித்து எழுதிய பழைய பதிவுகளில் அது முக்கியமானது.

வில்லில் கட்டிய மணிகள் குலுங்க, குடம் அடித்துப் பாட்டு தொடங்கும். முதலில் மெதுவாக. சாமி வந்து ஆடும் கோமரத்தாடி ஒரு ஓரமாக நிற்பார், கண் எங்கோ இருக்கும். மேளம் ஏறும். உடம்பில் ஒரு நடுக்கம் பிடிக்கும். சாட்டையை வாங்கித் தன்னையே அடித்துக்கொள்வார், தீப்பந்தத்தை மார்பில் தடவுவார். வெட்டிய கிடாயின் கழுத்தில் வாய்வைத்து இரத்தம் குடிப்பார். அதற்குப் பிறகு அவர் அவரல்ல. சனம் ஒவ்வொருவராக முன்னால் வந்து கேட்கும்: என் மகனுக்கு எப்போது தேவலையாகும், காணாமற்போன மாடு எந்தத் திசையில் போனது. அவர் வாயால் மாடன் பதில் சொல்வார்.

ஒரு பாதிரியார் பார்வையில் இதில் பயங்கரம் மட்டும் தெரிந்தது. கேட்க நின்றவர் பார்வையில் வேறொன்று இருந்தது: இந்தச் சாமி பதில் பேசுகிறது. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் உபதேசியார் மட்டும்தான் பேசுவார். அதோடு, கொடை என்றால் வரி உண்டு, பங்கு உண்டு, சாமிக்குப் படைக்கும் படப்பில் உரிமை உண்டு. யாருக்கு முதல் திருநீறு என்பதில் குடும்பத்தின் மரியாதையே இருக்கிறது. வரி கொடுக்காமல் விலகியவன் சொந்தக்காரர் கூட்டத்திலிருந்தும் விலகியவன். பெண் கொடுக்கல் வாங்கல், சாவுக்குத் தோள்கொடுப்பது எல்லாம் அந்த நூலில்தான் கோத்திருந்தன.

இந்தத் தெய்வங்களில் பலர் அகால மரணமடைந்தவர்கள் என்பதையும் கால்டுவெல் கவனித்தார். வெட்டுப்பட்டவர், கொலையுண்டவர், பிள்ளை வயிற்றோடு செத்தவள். ஆயுள் முடியாமல் போனவரின் வேகம் அந்த இடத்திலேயே தங்கிவிடும். அதை அமர்த்தப் பீடம் போடவேண்டும். இதற்குச் சாதி, நிறம் எதுவும் விலக்கில்லை. 1809-இல் திருவிதாங்கூர்க் கோட்டைக் காவலை ஆங்கிலப் படை பிடித்தபோது போல் என்ற கேப்டன் காயம்பட்டு இறந்து, திருநெல்வேலிச் சீமையில் புதைக்கப்பட்டார். சண்டையில் பட்ட காயத்தால் செத்தவர், சும்மா இருப்பாரா? ஊரார் அவர் கல்லறையில் சாராயமும் சுருட்டும் படைத்தார்கள். உயிரோடிருந்தபோது அவருக்கு எது பிடிக்குமோ அதுதானே படையல். ஞாயிறுதோறும் தன் நாட்டுக் கோயிலில் முழங்காலிட்டிருக்கக்கூடிய ஒரு கிறிஸ்தவர், செத்த பிறகு வேதத்தை விட்டு மாடன் வரிசையில் போய் நின்றுகொண்டார். திருநெல்வேலிப் பின்வாங்கல்களில் இதுவே விசித்திரமானது என்பேன். அவருடைய சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

நெற்றியில் பூசிய சாம்பல்

எல்லாத் திரும்புதலும் திண்ணைப் பேச்சில் நடந்துவிடவில்லை. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில் சபைகள் மறுபடி பெருகின. ஊர் ஊராகப் பீடங்கள் சரிந்தன. அதற்கு எதிர்வினையாக எழுந்தது விபூதி சங்கம். 1845-ஆம் ஆண்டின் கடைசியில் நல்லூர் வட்டாரத்து வேதக்காரர் ஊர்களில் பெருங்கூட்டம் புகுந்தது. வீடுகள் சூறையாடப்பட்டன. அகப்பட்டவர்களின் நெற்றியில் திருநீறு பூசப்பட்டது. பூசியாயிற்று, ஆகவே நீ திரும்பிவிட்டாய் என்பது கணக்கு. வழக்கு சென்னை சதர் அதாலத் நீதிமன்றம் வரை போய், நீதிபதிகளுக்கும் கவர்னர் ட்வீடேல் பிரபுவுக்கும் மோதல் முற்றி, மால்கம் லெவின் என்ற நீதிபதி 1846-இல் பதவி இழந்தார்.

ஒரு கை தண்ணீர் தெளித்துச் சேர்த்தது, இன்னொரு கை சாம்பல் பூசிச் சேர்த்தது. நெற்றிக்குச் சொந்தக்காரனை இரண்டு தரப்பும் எந்த அளவுக்குக் கேட்டன என்பது ஊருக்கு ஊர் மாறும்.

இரண்டு கைக்கும் அகப்படாமல் மூன்றாவது பாதை போட்டவர்களும் உண்டு. சாமித்தோப்பில் 1833 முதல் அய்யா வைகுண்டர், பேய் வழிபாட்டையும் உயிர்ப்பலியையும் விடச் சொன்னார். அதற்காகச் சர்ச்சுக்குப் போகச் சொல்லவில்லை. பலியை நிறுத்தும் வேலையில் தங்களுக்குத் துணையாயிருக்க வேண்டியவரை, லண்டன் மிஷன் அறிக்கைகள் அவருடைய பழைய பெயரால் ‘முத்துக்குட்டி மதம்’ என்று குறிப்பிட்டுப் பெரிய தடையாகவே குறித்தன. நாசரேத்தில் மிஷனரி கெமரரோடு முரண்பட்டு வெளியேறிய அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை, 1857-இல் பிரகாசபுரத்தில் இந்துக் கிறிஸ்தவர் சபையைத் தொடங்கினார். வெள்ளைக்காரப் பாதிரி வேண்டாம், வேதம் வேண்டும். ஓய்வுநாள் சனிக்கிழமை, சாம்பிராணி உண்டு. மிஷனை விட்டவர்கள் எல்லாரும் கிறிஸ்துவை விடவில்லை என்பதற்கு அவர் சாட்சி.

கூடாரம் அடித்த ஊர்கள்

இப்போது நம் விலக்குக்கு வருவோம். 1910-இல் இராமநாதபுரம் ஜில்லா உண்டாகும்வரை ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர், சிவகாசிப் பக்கமெல்லாம் திருநெல்வேலி ஜில்லாவின் வடக்குப் பகுதி. 1854-இல் மிஷனரி ரேக்லண்ட் ஐயர், ஃபென், மெடோஸ் என்ற இரு துணையாட்களோடு இந்தப் பகுதிக்கு வந்தார். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்து உயர்ந்தவர். பங்களா கட்டவில்லை, சிவகாசியை நடுவாக வைத்து, கூடாரத்தைச் சுருட்டி ஊர் ஊராக நகர்ந்தார். தெற்கத்திச் சபைகள் தங்கள் செலவில் உபதேசியார்களை முறைபோட்டு அனுப்பின. தெற்கே ஊரோடு சேர்ந்த மாதிரி இங்கே யாரும் சேரவில்லை. 1858 அக்டோபர் 22 அன்று ரேக்லண்ட் சிவகாசியில் இறந்தபோது கைக்கு வந்த அறுவடை மிகச் சிறிது.

தெற்கே கொடை என்பது இங்கே பொங்கல், அங்கே கோமரத்தாடி, இங்கே சாமியாடி. மாடனிருந்த இடத்தில் கருப்பசாமி, அய்யனார், காளி, மாரி. இடிக்கச் சொல்லிக் கேட்டபோது இங்கே பெரும்பாலோர் இடிக்கவில்லை. அதனால் திரும்பும் வேலையும் மிச்சமாயிற்று. பின்வாங்கலின் வரலாறு தெற்கே பெரிதாகவும் வடக்கே சிறிதாகவும் இருப்பதற்குக் காரணம் இவ்வளவுதான்: போனவன்தான் திரும்ப முடியும்.

1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. நிவாரணக் கஞ்சியும் ஞானஸ்நானமும் ஒரே கையிலிருந்து வந்த காலம். ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். மழை பெய்து வயிறு நிறைந்ததும் ஒரு பகுதியினர் பழைய இடத்துக்கே நடந்தார்கள். கஞ்சிக்காக வந்தவர்கள் என்று அவர்களை ஏசுவதுண்டு. காய்ச்சலில் மாடனிடம் போவதும் பஞ்சத்தில் பாதிரியிடம் போவதும் ஒரே கணக்குதான். யார் கைகொடுக்கிறாரோ அவர் வாசல்.

தேடிப் போனவர்களும் திரும்பி வந்தவர்களும்

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இன்று கிறிஸ்தவத்தை விட்டுப் பழைய தெய்வங்களையும் சூனியக்காரிகளின் வழியையும் தேடிப் போகிறவர்கள் உண்டு. அதில் பெரிய கிளையான ‘விக்கா’வுக்கு உருக்கொடுத்த ஜெரால்டு கார்ட்னர், பதின்ம வயதிலேயே 1900-இல் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர்; பிறகு மலாயாவில் நெடுங்காலம் இருந்தார். தமிழ்க் கூலிகள் கூடவே மாரியையும் முனியாண்டியையும் கொண்டுபோய்க் குடிவைத்த மண் அவை. 1735-ஆம் ஆண்டுச் சூனியச் சட்டத்தை 1951-இல் இங்கிலாந்து ரத்து செய்த பிறகு, 1954-இல் அவர் தன் வழியைப் பற்றி நூல் எழுதினார். ஐஸ்லாந்தில் பழைய நார்ஸ் தெய்வங்களுக்கான அமைப்பு 1973-இல் அரசு அங்கீகாரம் பெற்றது.

அவர்களுக்கும் நம்மவர்க்கும் ஒரு பெரிய வேறுபாடு. அங்கே பல நூறு ஆண்டுகளாகப் பீடம் இல்லை, பூசாரி இல்லை, பாட்டு இல்லை. பழஞ்சுவடிகளைப் புரட்டி, விட்ட இடத்தைக் கற்பனையால் நிரப்பி, தனிமனிதர் ஒவ்வொருவராக ஒரு சாமியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இங்கே தேர்வு கிடையாது. குலசாமி ஏற்கெனவே உன்னைத் தேர்ந்தெடுத்துவிட்டது. நீ ஜெபக்கூடத்தில் இருந்த முப்பது வருஷமும் பங்காளிகள் உன் பங்குக்கும் சேர்த்துப் பொங்கல் வைத்திருப்பார்கள். திரும்பிப் போனால், இடம் போட்டு வைத்த மாதிரி இருக்கும்.

சுதந்திர இந்தியாவில் இந்தத் திரும்புதலுக்குக் காகிதமும் தேவைப்பட்டது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதிச் சலுகையை இந்துக்களுக்கு என்று வரையறுத்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவத் தலித்துகள் இன்றும் வெளியே. சர்ச்சிலும் சாதி விடவில்லை, சர்க்காரிலும் சலுகை இல்லை. திரும்பியவர் பழைய சாதியை அடைவாரா என்று வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. ராசிபுரம் தனித் தொகுதித் தேர்தல் வழக்கில், திரும்பி வருவதற்குத் தனிச் சடங்கு எதுவும் தேவையில்லை, சமூகம் ஏற்றுக்கொண்டால் போதும் என்றது நீதிமன்றம். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்லிக்கொள்வதை ஏற்க முடியாது என்றது.

சடங்கு வேண்டாம், சமூகம் ஏற்றால் போதும் என்ற வரியைப் படித்தபோது எனக்கு 1811-ஆம் வருஷத்துத் திண்ணைதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கும் அதுதான் நடந்தது. யாரும் மந்திரம் ஓதவில்லை, யாரும் சத்தியம் வாங்கவில்லை. மாமன் வந்து உட்கார்ந்தார், வீட்டில் ஒரு சேவல் குறைந்தது, அடுத்த கொடைக்கு வரிப் பட்டியலில் ஒரு பெயர் மறுபடி ஏறியது. சபை ஏட்டில் அதே பெயர் அடிக்கப்பட்டது.

எந்த ஏட்டிலும் அடிபடாதவர்களும் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடம், பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில், பேய் பிடித்தால் புளியம்பட்டி அந்தோணியார் என்று மூன்று வாசலுக்கும் நடந்தவர்கள். இரண்டு தரப்புக் கணக்குப்பிள்ளைகளையும் திணறவைத்த அவர்களைத் தேடி, அடுத்த வாரம் புளியம்பட்டிக்குப் போவோம்.

(தொடரும்)